ஊருக்கு மார்க் போடுகிறவள்

நெல்டா க்ரூம் ஒரு கவுண்டி வட்டாரத்துக்குள் நுழைந்தால் முதலில் செத்தவர்களைத்தான் விசாரிப்பாள். வண்டியைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்திவிட்டு, கையில் நோட்டுப் புத்தகமும் காதில் பென்சிலுமாக வரிசை வரிசையாக நடப்பாள். பிறந்த வருடம், செத்த வருடம், கழித்தால் எத்தனை என்று உதடு முணுமுணுக்கும். கைக்குழந்தைகளின் கல் நாலைந்து சேர்ந்தாற்போல் இருந்தால் நின்று, அந்த வருடம் அந்த ஊர்த் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பாள். எண்பது தாண்டிய பெண்கள் நிறைய இருந்தால் முகம் மலரும். எண்பது தாண்டிய ஆண்கள் நிறைய இருந்தால், "இந்த ஊர்ல எல்லா வேலையும் பொம்பளைங்கதான் பாக்கறாங்க போல" என்று சொல்லிக்கொண்டே எழுதுவாள்.

எங்கள் ஹாஸ்கிட் கவுண்டியில் அவளை நான் முதலில் பார்த்ததும் கல்லறைத் தோட்டத்தில்தான், ஓர் அக்டோபர் காலையில். என் மாமனாரின் கல்லுக்கு எதிரில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். யாரோ தூரத்துச் சொந்தம், அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துப் பரிவோடு பக்கத்தில் போனேன்.

"இவர் எதுல போனாரு?" என்று நிமிராமலே கேட்டாள்.

"மரத்துலேர்ந்து விழுந்து."

"அப்ப என்ன வயசு?"

"எண்பத்தொண்ணு."

"ரொம்ப நல்லது" என்று எழுதிக்கொண்டாள். என் மாமனார் விழுந்து செத்ததை நல்லது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். என் மாமியாரை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

நெல்டாவுக்கு அறுபத்திரண்டு வயது. குட்டையான உருவம், கட்டையாக வெட்டிய நரைமுடி, எந்நேரமும் ஆண்பிள்ளைகளின் கால்சட்டை. அவளுக்கு வேண்டியது நாற்பது ஏக்கர் நிலம், வற்றாத ஓர் ஊற்று, முப்பது கோழி, இரண்டு கறவை மாடு, அடுப்புக்குத் தன் காட்டு விறகு. தன் சோற்றைத் தானே விளைத்துத் தின்ன வேண்டும், கடைசிவரை. இந்த ஆசை நகரத்து ஜனங்கள் பலருக்கும் வருவதுதான். வெள்ளிக்கிழமை வருவார்கள், சனிக்கிழமை நிலம் பார்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடுவார்கள், இரண்டாவது குளிர்காலத்தில் கோழிக்கூண்டு விலைக்கு என்று என் கடைப் பலகையில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டு ஓடிப்போவார்கள். ஆழம் தெரியாமல் காலை விடுகிற அந்த ரகம் இல்லை நெல்டா. அவள் ஆறு வருடமாக ஆழம் பார்த்துக்கொண்டே இருந்தாள், காலைத்தான் விடவே இல்லை.

நாலு மாநிலம், பதினோரு கவுண்டி. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நாலு பக்கம், நூறு மார்க். எழுபது வாங்கினால்தான் பாஸ். எங்கள் ஊருக்கு வரும்வரை ஒரு கவுண்டியும் பாஸாகவில்லை. கென்டக்கியில் ஒரு கவுண்டி அறுபத்தாறு வரைக்கும் வந்ததாம். மாதா கோயில் விருந்தில் வைத்த 'ஆப்பிள் பை' பலகாரம் அத்தனையும் கடையில் வாங்கினது என்று கண்டுபிடித்து அதைக் கீழே தள்ளிவிட்டாள்.

நிலம் விற்கிற புரோக்கர்களிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். குப்பைக் கிடங்குக்குப் போவாள். "நல்ல கதவு குப்பைல கிடந்தா அந்த ஊர்ல தச்சன் கிடையாது. ஜாடி ஜாடியா கிடந்தா ஊறுகா போடறவ கிடையாது" என்பாள். எங்கள் குப்பையில் ஒரு முழம் கம்பிகூடக் கிடைக்கவில்லை என்று அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கிடைக்காது. எங்கள் ஊரில் கதவு, கேட்டு, காரின் பம்பர், ஒரு தடவை பாதிரியாரின் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் கம்பி போட்டுத்தான் கட்டுவோம்.

பிறகு மண். கண்ணாடி ஜாடியில் பாதி மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, வண்டிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிடுவாள். மறுநாள் அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று படிந்திருக்கும். பதினோரு கவுண்டியும் பதினோரு ஜாடியாக அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தன. எங்களுடையது பன்னிரண்டாவது. கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கிற மண் எங்களுடையது. ஜாடியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

"ஜுனெல், இது மண்ணா, கல்லு ஊறுகாயா?"

"அடியில கொஞ்சம் மண்ணு இருக்கும், நல்லாப் பாருங்க" என்றேன்.

"தேடிப் பாத்துட்டேன்."

நான்தான் ஜுனெல். இந்தக் கவுண்டியில் இருக்கிற ஒரே தீவனக் கடை என்னுடையது. ஊருக்கு வெளியே முப்பது மாடும் கொஞ்சம் மேய்ச்சல் நிலமும் இருக்கின்றன. வீட்டுக்காரர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். நெல்டாவின் கண்ணில் பட்ட நிலம் என் வேலியை ஒட்டியது. ஹார்லி பிரூயிட்டின் நாற்பது ஏக்கர், அதன் மேல்கோடியில் ஓர் ஊற்று. கீழண்டை நான், வடக்கே டெல்பர்ட் என்று ஒருத்தன், அவன் நிலம் வளைந்து என் வேலிவரை வரும். இவள் மார்க் போட்டால் என் பக்கத்து வீட்டுக்காரி, போடாவிட்டால் போய்க்கொண்டே இருப்பாள்.

எனக்கு அவள் வேண்டாம், அப்போது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேண்டியது அவள் புருஷன்.

டாக்டர் எமெட் க்ரூம் மாட்டு டாக்டர். இந்தியானாவில் முப்பத்தைந்து வருடம் பால் மாடுகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். எங்கள் கவுண்டியில் மாடுகள் ஒன்பதாயிரம், டாக்டர் பூஜ்யம். எமெட் பேசவே மாட்டார். நெல்டா கல்லறை கல்லறையாக அலைகிறபோது என் கடை மூட்டைமேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருப்பார்.

"உங்களுக்கு எந்த ஊர் பிடிச்சிருக்கு டாக்டர்?" என்று ஒரு நாள் வாயைக் கிளறினேன்.

"எனக்கு எந்த ஊரும் சரிதாம்மா. மாடு எல்லா ஊர்லயும் ஒரே வழியாத்தான் கன்னு போடுது."

"அப்புறம் அவங்க ஏன் இப்படி அலையறாங்க?"

கொறித்த தோலைக் கையில் துப்பி மூட்டைக்கு அடியில் போட்டார். "ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஜனவரில, வாசல்ல பனி தள்ளிட்டிருந்தேன். நெஞ்சு அடைச்சு அப்படியே விழுந்துட்டேன். ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகும்னுட்டாங்க. என்னைத் தூக்கி வண்டில போட அவளுக்குத் தெம்பு இல்ல. நாலு வீட்டுக் கதவைத் தட்டினா. ரெண்டு வீட்டுல ஆள் இல்ல. ஒரு வீட்டுல டிவி சத்தம் கேக்குது, திறக்கல. நாலாவது வீட்டுல திரைய விலக்கிப் பாத்துட்டு மூடிட்டாங்க. அந்தத் தெருவுல நாங்க இருபத்திரண்டு வருஷம் இருந்தோம்மா."

எமெட் அடுத்த விதையை எடுத்துக்கொண்டு, "உங்க ஊர் அறுபத்தெட்டுல நிக்குது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார்.

இரண்டே மார்க்கு. "எழுதி வச்சிருக்கேன், இன்னொரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அந்த அக்டோபரில் நெல்டா போய்விட்டாள்.

பிப்ரவரியில் என் செவலைக் கிடாரிக்குத் தலைச்சன் கன்று. காலை பத்து மணிக்கு வலி எடுத்தது, கன்று பின்பக்கமாக வந்தது. எழுபது மைலுக்கு அப்பால் இருக்கிற மாட்டு டாக்டருக்குப் போன் போட்டால், "தரைப்பாலம் மேல தண்ணி ஓடுதாமே, பாலம் கண்ணுக்குத் தெரிஞ்சா வரேன்" என்றார். பாலம் அன்று தெரியவில்லை. கயிறு கட்டி மதியம்வரை இழுத்துப் பார்த்தோம். கன்றும் போயிற்று, தாயும் போயிற்று. கடைசிவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது அந்த வாயில்லா ஜீவன். நான் சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு என்ன ஆனாலும் சரி, அந்த டாக்டரை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். நெல்டா போன் செய்து, மே மாதம் ஒரு வாரம் வருகிறோம், அதுதான் கடைசிப் பார்வை என்றாள். ஹார்லி பிரூயிட்டும் கெடு வைத்துவிட்டான். "அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல மான் வேட்டைக்காரங்களுக்குக் குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன். அவங்க கல்லறைக்கெல்லாம் போறதில்ல" என்றான். வேட்டைக்காரர்கள் வாங்கினால் கேட்டில் பெரிய பூட்டுத் தொங்கும், வருடத்தில் பத்து நாள் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் அக்கம்பக்கம்.

இரண்டு மார்க்குக்காக நான் ஊரையே அலங்காரம் பண்ணினேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டில் என்னென்ன செய்வார்களோ அத்தனையும். எங்கள் பக்கத்தில் எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே ஒற்றை விரலைத் தூக்குவது வழக்கம். நெல்டா அதையும் எண்ணுகிறவள். அக்டோபரில் இருபது வண்டிக்குப் பதினாலு விரல். மீதி ஆறு பேரும் யார் என்று எனக்குத் தெரியும், கடைக்கு வந்தபோது ஒவ்வொருத்தனையும் பிடித்து, "மே மாசம் முழுக்க விரல் மடங்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினேன். டெல்பர்ட் வீட்டுக்கும் ஆள்விட்டுச் சொன்னேன். சாப்பாட்டுக் கடைக்காரியிடம் நல்லபடியாகக் கவனிக்கச் சொன்னேன். குப்பைக் கிடங்கு ஆளிடம் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி வை என்றேன், அந்த மகராசன் பெருக்கியே வைத்துவிட்டான். குப்பைக் கிடங்கைப் பெருக்கின ஊர் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

என் பங்குக்குக் கடைச் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைச் சுத்தம் பண்ணினேன். வருடக்கணக்காக ஒட்டின சீட்டுகள், கிழிசல், கிறுக்கல், ஆணி. எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டுப் பச்சை வர்ணம் அடித்தேன். "ஹாஸ்கிட் உங்களை வரவேற்கிறது" என்று நடுவில் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

திங்கட்கிழமை வந்தாள். செவ்வாய்க்கிழமை முகம் சரியில்லை.

"ஜுனெல், உங்க ஊர்ல தேர்தல் ஏதாவது வருதா?"

"இல்லையே, ஏன்?"

"முப்பத்தோரு வண்டி, முப்பத்தோரு விரல். அதுல ஒரு ஆள் மூணு தடவை வந்தாரு. மூணாவது தடவை ரெண்டு கையையும் தூக்கிட்டாரு, வண்டி வாய்க்காலுக்குள்ள போயிருக்கும்."

டெல்பர்ட். வேறு யாராக இருக்கும்?

புதன்கிழமை சாப்பாட்டுக் கடையில் ஆப்பிள் பை ஒரு துண்டு ஓசியாகக் கொடுத்திருக்கிறார்கள். "எல்லாருக்கும் ஓசியா குடுப்பீங்களா?" என்று இவள் கேட்க, "இல்லங்க, உங்களுக்கு மட்டும்" என்று அந்தப் பெண் பல்லைக் காட்ட, "ஏன்?" என்று இவள் கேட்க, அந்தப் பெண் திருதிருவென்று விழித்துவிட்டு, "ஜுனெலைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டாளாம். வியாழக்கிழமை குப்பைக் கிடங்கிலிருந்து திரும்பினவள் என் கடைப் பக்கமே வரவில்லை. வெள்ளிக்கிழமை எமெட் மூட்டைமேல் வந்து உட்கார்ந்து குனிந்தபடியே, "அறுபத்தொண்ணு" என்றார்.

"என்னது?"

"இறங்கிருச்சும்மா. ஒரு வாரமா இறங்கிட்டே இருக்கு."

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதை என் சொந்தக் கதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நெல்டா கடைக்குள் வந்தாள். நேராக அந்தப் பச்சைப் பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்டோபர்ல இதுல பதினேழு சீட்டு இருந்துச்சு. எங்க போச்சு?"

"பிச்சுப் போட்டுட்டேன். அசிங்கமா இருந்துச்சு."

"'பழுப்புக் கிடாரி ஒண்ணு எங்க வேலிக்குள்ள வந்து நிக்குது, தீனி போட்டு வச்சிருக்கோம், அடையாளம் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க'ன்னு ஒரு சீட்டு. 'பாலத்துக்கிட்ட ஒத்தைக் கையுறை கிடந்துச்சு, இடது கை'ன்னு ஒரு சீட்டு. ஒத்தைக் கையுறைக்குச் சீட்டு ஒட்டுற ஊர பதினோரு கவுண்டில நான் பாத்ததில்ல. அந்தப் பலகைக்காகத்தாங்க நான் திரும்பி வந்தேன்." பெருமூச்சு விட்டாள். "இப்ப இது எல்லா ஊர்ப் பலகை மாதிரி இருக்கு. நாங்க கிளம்பறோம். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

எனக்கு வந்ததே கோபம்! அவள்மேலா, என்மேலா என்று எனக்கே தெரியவில்லை. கல்லாவை விட்டு எழுந்து வந்தேன்.

"போங்க. நல்லாப் போங்க. ஆனா உண்மையைக் கேட்டுட்டுப் போங்க. விரல் தூக்கினது, ஓசிப் பை, பெருக்கின குப்பை எல்லாம் நான் சொல்லித்தான் நடந்துச்சு. எங்க ஊர் அவ்வளவு நல்ல ஊரெல்லாம் கிடையாது. நீங்க ஆசைப்பட்ட அந்த ஊத்து இருக்கே, மழை தப்பின வருஷம் செப்டம்பர்ல பொட்டுத் தண்ணி இருக்காது. நீங்க அக்டோபர்லயும் மே மாசத்துலயும் வந்தா எப்படித் தெரியும்? வருஷத்துக்கு நாலு நாள் தரைப்பாலம் முங்கும், நீங்க அந்தப் பக்கம்னா அந்தப் பக்கம்தான். ஆஸ்பத்திரிக்கு அம்பது மைல். டெல்பர்ட் வீட்டு நாய் ஆறும் உங்க கோழியைத் தின்னும், கேட்டா நரின்னு சத்தியம் பண்ணுவான். கோயில்ல ஒலிபெருக்கி வாங்கறதா வேண்டாமான்னு ரெண்டு கட்சி, மூணு வருஷமா ரெண்டு பக்கமா உக்காந்து ஜெபம் பண்றாங்க. அப்புறம் நான் ஒருத்தி இருக்கேன். நீங்க காலைல என்ன தீவனம் வாங்கினீங்கன்னு மத்தியானத்துக்குள்ள ஊருக்கே சொல்லிடுவேன். என் வாய் அப்படி."

நெல்டா காதிலிருந்து பென்சிலை எடுக்கவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்று எனக்குத் தெரிகிறது, வாய் நிற்கவில்லை.

"இவ்வளவு கூத்தும் ஏன்னு கேளுங்க. உங்க புருஷனுக்காக. பிப்ரவரில என் கிடாரி கன்னு போட முடியாம செத்துப்போச்சு. டாக்டர் இல்ல, பாலம் இல்ல. நாங்க ரெண்டு பேரும் இழுத்து இழுத்து..."

"ரெண்டு பேருன்னா? யாரைக் கூப்பிட்டீங்க?"

"டெல்பர்ட்டைத்தான். வேற யாரு இருக்கா?"

"அந்த நாய்க்காரரா? நல்ல சிநேகிதமோ?"

"சிநேகிதமா! அவனும் நானும் பேசி ஆறு வருஷம் ஆச்சு. வேலித் தகராறு. ரெண்டடி என் நிலத்துல வேலி போட்டிருக்கான் அந்தப் படுபாவி."

"அப்ப எப்படி வந்தாரு?"

"போன் போட்டேன். 'கிடாரி'ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். பூட்ஸுக்குள்ள காலுறைகூட இல்லாம, அந்தக் குளிர்ல, பாதிச் சவரத்தோட ஓடிவந்தான். ஒரு பக்கத்துக் கன்னத்துல சோப்பு அப்படியே இருந்துச்சு. மத்தியானம் வரைக்கும் என்னோட சேத்துல கிடந்தான். நான் அழுதப்ப, அந்தப் பக்கம் திரும்பி வேலியைப் பாத்துட்டு நின்னான். அப்புறம் குழி வெட்டி ரெண்டையும் புதைச்சுக் குடுத்துட்டுப் போனான்."

"அதுக்கப்புறம் பேசறீங்களா?"

"எதுக்குப் பேசணும்? வேலி இன்னும் அங்கதானே இருக்கு!"

நெல்டா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு திரும்பி வெளியே போனாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. மணி பதினொன்றே கால்.

உள்ளதைச் சொன்னால் நொள்ளைக்கண்ணிக்கு நோவாம். நான் உள்ளதைச் சொல்லி ஊருக்கே நோவு வைத்துவிட்டேன். எமெட் உட்கார்கிற மூட்டைமேல் போய் உட்கார்ந்தேன். கீழே சூரியகாந்தித் தோல் கிடந்தது, பெருக்க மனம் வரவில்லை. வாடிக்கையாளர் ஒருத்தர் மாட்டுக்கு உப்புக்கட்டி கேட்டார், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் மாட்டில் இன்னும் ஏழு இந்த வருடம் கன்று போட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு மேலண்டைக் கேட்டில் பூட்டு விழும்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. ஹார்லி பிரூயிட். எடுத்த எடுப்பிலேயே கத்தினான்.

"ஊத்து செப்டம்பர்ல வத்தும்னு அந்தப் பொம்பளைகிட்ட எவ சொன்னது?"

"ஏன், என்னாச்சு?"

"என்னாச்சா? அதைச் சொல்லிச் சொல்லியே விலைய அடிச்சுட்டா! தரைப்பாலத்துக்குத் தனியாக் கழிவு, டெல்பர்ட் நாய்க்குத் தனியாக் கழிவு! நாய்க்குக் கழிவு கேட்டு நீ கேள்விப்பட்டிருக்கியா?"

"ஹார்லி, வித்தியா இல்லையா, அதைச் சொல்லு."

"கையெழுத்துப் போட்டாச்சு. போட்டுட்டு உன் வேலி எது, டெல்பர்ட் வேலி எதுன்னு காட்டச் சொல்லி நடந்து பாத்துட்டுதான் போறா. உன் வாயில மண்ணு விழ!" என்று வைத்துவிட்டான்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், எமெட் யாருடைய டிரெயிலரிலோ ஏறி நின்று ஒரு மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

நெல்டா உள்ளே வந்தாள். மேலண்டை நிலத்து ஒட்டுப்புல் முழங்கால்வரை அப்பியிருந்தது. நான் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று புரியவில்லை. கடைசியில் என் நாக்குச் சும்மா இருக்குமா?

"எங்க ஊருக்கு எத்தனை மார்க்குப் போட்டீங்கன்னு மட்டும்..."

"வாயை மூடு. ஆடாம நில்லு" என்றாள் நெல்டா. கல்லாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, என் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, முடியை ஒதுக்கினாள். காதுக்குப் பின்னால் என் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்த ஓர் உண்ணியை நகத்தால் வேரோடு பிடுங்கி, மேஜைமேல் வைத்து நசுக்கி, விரலைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.